கடலில் இறங்க ஒரு படிவம்

மாலத்தீவில் நாங்கள் தங்கிய தீவைச் சுற்றி நடக்கப் பதினெட்டு நிமிடம் போதும். மணல் ஈரமாக இருந்தால் பதினேழு. முதல் நான்கு நாட்களும் நான் செய்த ஒரே வேலை அதுதான். காற்றும் மழையும் மாறி மாறி அடித்தன. படகுத்துறையில் சிவப்புக் கொடி பறந்தது. சிவப்பு என்றால் யாரும் கடலில் இறங்கக் கூடாது. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு அதில் இறங்கத் தடை போட்ட இடத்துக்கு ஆட்கள் தேனிலவுக்கு வேறு வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பரவாயில்லை, அறையில் வேலை இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது.

எனக்கு மழையைப் பற்றிப் புகார் இல்லை. நவம்பர் மாத டில்லியிலிருந்து வந்தவனுக்கு மூக்கால் மூச்சு விடுவதே உல்லாசப் பயணம்தான். அங்கே துவாரகா பகுதியில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் நாள் முழுக்கப் புகைமூட்டப் புலம்பல். யார் வீட்டு ஏர் பியூரிஃபயரில் எந்த நிற விளக்கு எரிகிறது என்று போட்டி. நான் ஒரு தென்னை மரத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

என் மனைவி ஜெயா வந்த காரணம் வேறு. அவளுக்கு மீன் பார்க்க வேண்டும். டில்லிக்கு வந்த நாள் முதல் அவள் மீனைப் பார்த்ததெல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், ஐஸ் மேல், வாயைத் திறந்த கோலத்தில். "இத்தன வருசமா குழம்புல போட்டிருக்கேன். ஒரு மரியாதைக்காவது அதுக வீட்டுல போய் ஒருதடவ பாத்துட்டு வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குர்காவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் நித்யா, "அம்மா, நீ ஸ்விம்மிங் கத்துக்கோ, மீதி நான் பாத்துக்கறேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, ஜெயா அறுபத்தோரு வயதில் துவாரகா விளையாட்டு வளாகத்து நீச்சல் குளத்தில் பெண்களுக்கான காலை வகுப்பில் சேர்ந்தாள். ஏப்ரலில் சேர்ந்தவள் அக்டோபரில் குளத்தை மூடும்வரை ஒரு நாள் தவறவில்லை. முதல் மாதம் வாயில் குளோரின் வாசனையோடு வந்தாள். மூன்றாம் மாதம் குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனாள். நான் போய்ப் பார்க்கவில்லை. பெண்கள் வகுப்பு நேரத்தில் ஆண்களுக்கு அனுமதியில்லை என்று பலகை இருந்தது. பலகையை மீறும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆகவே நான்கு நாளும் அவள் கண்ணாடிக் கதவருகே உட்கார்ந்து கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மதியம் நாங்கள் கிளம்பியாக வேண்டும்.

வியாழக்கிழமை காலை கொடி பச்சையானது.

அன்று காலைச் சிற்றுண்டிக்கு அவள் நீச்சலுடையிலேயே வந்துவிட்டாள். முழங்கையிலிருந்து முழங்கால்வரை மூடிய கறுப்பு உடை, மேலே ஒரு துப்பட்டா. அங்கே பரிமாறுபவர் ஜமால், வங்காளதேசத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். சினிமா பார்த்துக் கற்ற இந்தி. எதைச் சொன்னாலும் கோர்ட்டில் வசனம் பேசுவதைப் போல இருக்கும். நாங்கள் இரண்டு தமிழர்களும் ஒரு வங்காளியும் இந்துமாக் கடலுக்கு நடுவே இந்தியில் உறவாடிக்கொண்டிருந்தோம். டில்லிக்கு வந்த புதிதில் அந்த மொழி என்னைப் படுத்திய பாட்டை நினைத்தால் இது நல்ல முடிவுதான்.

"ஆண்டி இன்னைக்குக் கடலுக்குப் போறாங்க போல. அப்படின்னா இந்திய மூலைப் பக்கம் போகாதீங்க" என்றார் ஜமால். இந்திய மூலை என்பது இட்லி, சாம்பார், பராத்தா வைத்திருக்கும் மேசை. அங்கே இட்லி முதல் நாளே தன் வாழ்க்கையில் நம்பிக்கை இழந்துவிட்டது. சாம்பார் இனித்தது. ஜமால் கொண்டுவந்து வைத்தது உள்ளூர்ச் சாப்பாடு: சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்தது, தொட்டுக்கொள்ள மெல்லிய ரொட்டி. ஜெயாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஒரு வாய் போட்டதும், "ஏங்க, இது நம்ம சுறாப்புட்டுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சில்லா" என்றாள். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். அப்படி அவள் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டு நான் பார்த்து வெகு நாளாயிற்று என்பதைப் பின்னால் நடந்ததற்காகச் சொல்லி வைக்கிறேன்.

கடல் விளையாட்டுக் கூடம் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஓலைக் கூரை போட்ட ஓர் அறை. பொறுப்பாளர் ஷிஃபா என்ற உள்ளூர்ப் பெண். தலையில் துணி கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஆளை நிமிர்ந்து பார்த்துப் பேசுபவர். அவர் விளக்கினார்: தினமும் ஒரு படகு பவளப்பாறை வரை போகும். வெள்ளி காலை எட்டரைக்கு ஒன்று, சனி காலை ஏழுக்கு ஒன்று. போவதற்கு முன் ஆழமில்லாத தண்ணீரில் ஒரு சின்ன நீச்சல் தேர்வு. அப்புறம் ஒரு படிவத்தில் கையெழுத்து. அவ்வளவுதான்.

ஜெயா தேர்வுக்குப் போனாள். படிவத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

அது ஒரே பக்கம், பதினொரு விதிகள். நான் மத்திய அரசில் துணைச் செயலாளராக ஓய்வு பெற்றவன். அதற்குக் கீழே உள்ள எல்லா நாற்காலிகளிலும் உட்கார்ந்தவன். ஒரு வரைவு என் கையில் வந்து திருத்தமில்லாமல் திரும்பிப் போனதாகச் சரித்திரம் கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்கு வெற்றிலை பழக்கம், எனக்கு இது. ஏழாம் விதி சொன்னது: காயமோ உயிரிழப்போ நேர்ந்தால், விடுதியின் கவனக்குறைவால் நேர்ந்தாலும்கூட, விடுதி பொறுப்பல்ல. கவனக்குறைவாலும்கூடவாம். அப்படியென்றால் ஷிஃபா படகை ஓட்டிக்கொண்டே தூங்கலாம், நான் பூரணச் சம்மதம் தருகிறேன். ஒன்பதாம் விதி எட்டாம் விதிக்கு முரணாக இருந்தது. நான்காம் விதியில் எழுவாயே இல்லை.

தென்னை மரத்தடியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். ஏழாம் விதியை அடித்துவிட்டு மாற்று வாசகம் எழுதினேன். ஓரத்தில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் சுருக்கொப்பம். இடம் போதாததால் பின்பக்கம் இணைப்பு-அ. மொத்தம் ஒன்பது திருத்தங்கள். ஐந்து நாளில் அதுதான் எனக்கு உண்மையான ஓய்வு. தண்ணீரிலிருந்து வந்த ஜெயா தலையைத் துவட்டிக்கொண்டே, "பாஸ் ஆயிட்டேன். அந்தப் பிள்ள கையத் தட்டிச்சு" என்றாள். பிறகு என் மடியைப் பார்த்தாள்.

"என்ன எழுதுதீங்க?"

"ஃபார்ம்."

"கையெழுத்துதான கேட்டாவ."

"கேட்டதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டா நான் பென்ஷன் வாங்கியிருக்க மாட்டேன்."

மாலை நாலரைக்கு ஷிஃபாவிடம் கொடுத்தேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சார் நிறைய எழுதியிருக்கிறீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். "தேவையான அளவுதான்" என்றேன். அவர் ஒரு புன்னகை செய்து, அதை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார். அந்தப் புன்னகையை நான் அடையாளம் கண்டுகொண்டிருக்க வேண்டும். மனுவைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்த எத்தனையோ பேரிடம் நானே அதைச் செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கே நாங்கள் படகுத்துறையில் நின்றோம். ஜெயா நீச்சல் முகமூடியைத் தலையில் ஏற்றி, காலில் மாட்டும் ரப்பர் துடுப்புகளைக் கையில் பிடித்திருந்தாள். ரஷ்யத் தம்பதி ஒன்றும், நான்கு பேர் கொண்ட சீனக் குடும்பம் ஒன்றும் படகில் ஏறிவிட்டார்கள். ஷிஃபா எங்களைத் தனியே அழைத்தார்.

"மன்னிக்க வேண்டும் சார். படிவத்தில் மாற்றம் இருந்தால் கணினி அதைத் தானாகவே தலைநகர் மாலேயில் இருக்கும் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிடும். அவர்கள் சொல்லும்வரை நான் உங்களை ஏற்றிக்கொள்ள முடியாது."

"சரி, எப்போது சொல்வார்கள்?"

"இன்றைக்கு வெள்ளி. இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறக்கும்."

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கோப்பைக் கொல்லாமல் கொல்ல வேண்டுமானால், விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை நாலரை மணிக்கு அதில் நான்கு சந்தேகம் எழுப்பி அடுத்த பிரிவுக்கு அனுப்ப வேண்டும். டில்லியில் அந்தக் கலையில் என்னை மிஞ்சிய ஆட்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். அதே கலையை, அதே நேரத்தில், என் சொந்தக் கோப்பின் மேல் நானே பிரயோகித்திருக்கிறேன். வாரத்தின் கடைசி நாள் வியாழன் என்று தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

படகு கிளம்பியது. ஜெயா முகமூடியைக் கழற்றினாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள்.

"டெல்லி முச்சூடும் உங்க கையெழுத்துக்கு நின்னுச்சு. நானும் நின்னேன், தப்பில்ல. இங்க வந்து ஒரு மீனப் பாக்கணும்னு கேட்டேன். அதுக்கும் ஃபைல்ல எழுதுத மாதிரி நோட்டிங் எழுதிப்புட்டீங்களே."

அறையை நோக்கி நடந்துவிட்டாள். துடுப்புகள் என் காலடியில் கிடந்தன.

நான் செயல்படுபவன். உடனே விடுதி மேலாளரைப் பார்க்கக் கிளம்பினேன். அவர் அலுவலகம் தீவின் மறு முனையில். அவசரத்துக்கு அங்கே நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்தேன். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் தினமும் சைக்கிளில் ஆபீஸ் போனவன் நான். ஆனால் லோதி ரோட்டில் மணல் கிடையாது. நூறு அடிக்குள் முன்சக்கரம் புதைந்து, நான் ஒரு தாழம்புதருக்குள் போய் விழுந்தேன். ஒரு ஜெர்மானியர் என்னைத் தூக்கிவிட்டு, எந்த வயதில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்பதை அன்பாக விளக்கினார்.

மேலாளர் இலங்கைக்காரர், எதைக் கேட்டாலும் "நிச்சயமாக" என்று தொடங்குபவர். முழங்கையில் சிராய்ப்போடு அவர் எதிரில் உட்கார்ந்தேன். என் திருத்தங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், வேறு படிவம் தாருங்கள் என்றேன்.

"நிச்சயமாக. ஆனால் உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒரு படிவம் நிலுவையில் இருக்கிறதே. கணினி இன்னொன்றை ஏற்காது."

"அப்படியானால் இப்போது அனுமதியுங்கள். ஒப்புதலைப் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்."

"நிச்சயமாக" என்றார் பழக்கத்தில். பிறகு, "அப்படி ஒரு வழி எங்களிடம் இல்லை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வழி இல்லாமல் இவர்கள் ஒரு நிர்வாகத்தை எப்படி நடத்துகிறார்கள். எங்கள் ஊரில் முக்கியமானவை எல்லாம் அந்த வழியில்தான் நடந்திருக்கின்றன.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அறைக்குப் போய் ஜெயாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் அங்கேயே உட்கார்ந்து மாலே சட்டப் பிரிவுக்கு மூன்று பக்க முறையீடு எழுதினேன். விடுமுறையிலும் அவசரக் கடிதங்களைப் பார்க்கும் அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது என் அனுபவம். அப்படி யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஜெயா வரவில்லை. ஜமால் தட்டை என் முன் வைத்து, "ஆண்டி அறையிலேயே சாப்பிட்டாங்க. உங்களுக்கு எதுவும் சொல்லி அனுப்பலை" என்றார், சாட்சிக் கூண்டிலிருந்து பேசுபவரைப் போல.

குர்காவிலிருந்து நித்யா அழைத்தாள்.

"அப்பா, நீங்க ஃபார்மை எடிட் பண்ணீங்களா?"

"ஏழாம் விதியில ஒரு கோளாறு இருந்தது."

"யார்ப்பா அதைப் படிக்கறாங்க? ஜல்தி சைன் பண்ணிட்டுப் போறதுதானே. அம்மா எவ்வளவு நாளா வெயிட் பண்ணிட்டிருக்காங்க தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். தெரியும் என்று சொன்னபோது அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது தெரிந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு அவள் குளத்துக்கு எழுந்து போன அத்தனை நாட்களிலும் நான் போர்வைக்குள்ளிருந்து "கதவைச் சாத்திட்டுப் போ" என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை கண் விழித்தபோது ஆறு இருபது. ஜெயா நீச்சலுடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"பேனா குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"குடுங்களேன்."

பேனாவோடு நானும் பின்னால் போனேன். போகும் வழியில்தான் விஷயத்தைச் சொன்னாள். முந்தின நாள் நான் முறையீடு எழுதிக்கொண்டிருந்தபோது அவள் ஷிஃபாவிடம் போயிருக்கிறாள். 'அவர் ஃபார்ம் மாட்டிக்கிட்டது சரி, என் ஃபார்ம் எங்கே இருக்கிறது, காட்டு' என்று கேட்டிருக்கிறாள். ஷிஃபா கணினியில் தேடினார். ஜெயா என்ற பெயரில் எந்தப் படிவமும் இல்லை.

ஏனென்றால் நான் ஒரே படிவம்தான் கொடுத்திருந்தேன். என் பெயர், என் பாஸ்போர்ட் எண். 'உடன் வருவோர்' என்ற இடத்தில் 'மனைவி, ஒருவர்'. இதை யோசித்துச் செய்யவில்லை. அரசு மருத்துவ அட்டையில் அவள் அப்படித்தான் இருக்கிறாள். விடுமுறைப் பயணச் சலுகைக்கு நான் போட்ட விண்ணப்பங்களிலும், குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டிலும், எல்லாவற்றிலும் அவள் என் படிவத்தில் ஒரு வரி. அவளுக்கென்று தனியாக ஒரு தாள் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஷிஃபா எங்களைப் பார்த்ததும் புதுப் படிவத்தை நீட்டினார். "சார் படிவத்தில் மனைவி, ஒருவர் என்றுதான் இருக்கிறது, பெயர் இல்லை. அது யாராகவும் இருக்கலாம். மேடம் புது விண்ணப்பதாரர்" என்றார். முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் அமைச்சகத்தில் இருந்திருந்தால் வெகு தூரம் போயிருப்பார்.

ஜெயா மேசையில் குனிந்தாள். என் கழுத்து தானாக நீண்டது.

"படிக்காதீங்க" என்றாள் நிமிராமல்.

"ஏழாம் விதிய மட்டும் ஒரு தடவை..."

"ஏங்க."

நிறுத்திக்கொண்டேன். வழக்கமாக அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். இந்தத் தாளில் குறி எதுவும் இல்லை. இடத்தை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். பெயரை முழுதாக எழுதி, கீழே கோடு போட்டு, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் நான் படகுத்துறையின் கடைசிப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பவளப்பாறை அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். எட்டுப் பேர் இறங்கினார்கள். தண்ணீருக்கு மேலே தெரிந்ததெல்லாம் மூச்சு விடும் எட்டு ஆரஞ்சு நிற ஸ்நார்கெல் குழாய்களின் நுனி. எது ஜெயா என்று தெரியவில்லை. உயிரிழப்பு, கவனக்குறைவாலும்கூட என்ற அந்த வாசகம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. அதை மாற்றி எழுதியபோது நான் ஒரு வாக்கியத்தைத்தான் பார்த்தேன். இப்போது எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு. எட்டு. ஒரு அலை போனபின் ஏழு.

மறுபடி எண்ணினேன். ஏழுதான். எழுந்து நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. நின்று ஆகப்போவது ஒன்றுமில்லை. ஷிஃபாவைக் கூப்பிடலாம் என்றால் ஷிஃபாவும் அந்தக் குழாய்களில் ஒன்று. அப்போது எனக்குத் தெரிந்த விதிகள், நடைமுறைகள், மேல்முறையீடுகள் எதிலும் அந்தத் தண்ணீருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. செருப்போடு ஏணியில் இரண்டு படி இறங்கிவிட்டேன். முழங்கால் நனைந்தது.

எட்டாவது குழாய் மற்றவற்றிலிருந்து விலகி, வெகு தூரத்தில் மேலே வந்தது. பக்கத்தில் இன்னொன்று போய்ச் சேர்ந்தது. இரண்டும் நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல் திரும்பின.

படகு கரைக்கு வந்ததும் முதலில் இறங்கியவள் ஜெயா. முகத்தில் முகமூடி பதிந்த வட்டம், கண் சிவந்திருந்தது. என் நனைந்த பேன்ட்டைப் பார்த்தாள்.

"என்ன பாத்தே?" என்றேன்.

"பாத்தேன்" என்றாள். "பசிக்குது."

அவ்வளவுதான். சிற்றுண்டி மேசையில் ஜமாலிடம் மட்டும் விரலை மடக்கி மடக்கி ஏதோ சொன்னாள்; நான் தட்டோடு வந்ததும் நிறுத்திவிட்டாள். பெட்டி கட்டும்போதும், விரைவுப் படகு எங்கள் குடலைக் குலுக்கி விமான நிலையத்தில் கொட்டியபோதும் நான் கேட்டேன். பாத்தேன் என்றாள் இரண்டு முறையும்.

டில்லி விமானத்தில் ஜன்னலோரம் ஜனக்புரிக்கார அம்மா ஒருவர், நடுவில் ஜெயா, இந்தப் பக்கம் நான். விமானம் மேலே ஏறி நிமிர்வதற்குள் அந்த அம்மா ஒரு டப்பா மட்ரியை, அந்த ஊர் உப்புத் தட்டையை, திறந்து நீட்டி, "கடலில் இறங்கினீர்களா?" என்று இந்தியில் கேட்டார். ஜெயா திரும்பி உட்கார்ந்தாள். முதுகு எனக்கு, முகம் அவருக்கு.

பிறகு எல்லாம் வந்தது. கிளிமீன் பாறையைக் கடிக்கும்போது, பக்கத்து வீட்டில் அப்பளம் உடைப்பது போலத் தண்ணீருக்குள் சத்தம் கேட்குமாம். திருக்கை ஒன்று கம்பளத்தை உதறினாற்போல அடியில் போனதாம். ஒரு ஆமையின் பின்னால் இவள் மட்டும் போயிருக்கிறாள், ஷிஃபா கைகாட்டியும் கேட்காமல். "அது புல்லைத் தின்னுட்டிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துச்சு, மறுபடியும் தின்ன ஆரம்பிச்சிடுச்சு. லஞ்ச் டைம்ல கவுன்ட்டர்ல உக்காந்திருப்பாங்களே, அந்த மாதிரி." இருவரும் சிரித்தார்கள். எல்லாமே இந்தியில், எனக்கு முதுகைக் காட்டி. தகவலுக்காக எனக்கு ஒரு நகல், அவ்வளவுதான்.

"உங்க வீட்டுக்காரர் இறங்கலையா?" என்றார் அந்த அம்மா.

"அவர் விண்ணப்பம் மாலேல இருக்கு. நாளைக்குத்தான் ஆபீஸ் திறக்கும்."

ஜனக்புரி அம்மா தலையை நீட்டி என்னைப் பார்த்தார். "கவர்மென்ட் சர்வீஸா?"

"ரிட்டயர் ஆயிட்டார்" என்றாள் ஜெயா. "ஆபீஸ்ல இருந்து."

மட்ரி டப்பா என் பக்கமும் வந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, ஜெயாவின் முதுகைப் பார்த்துத் தமிழில் கேட்டேன்.

"அந்த ஆமை எவ்வளவு பெருசு?"

அவள் திரும்பினாள். சொல்லலாமா என்று யோசிப்பவள் போல ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "இம்புட்டு இருக்கும்" என்று இரண்டு கையையும் விரித்தாள். போதாது என்று தோன்றியதோ என்னவோ, இன்னும் அகலமாக விரித்தாள். இடது கை என் மூக்கில் வந்து இடித்தது. நான் நகர்ந்துகொள்ளவில்லை.